பத்துக்கு மேல் காட்டாத சந்தை

குழந்தைசாமிக்கு அதிசயம் என்றாலே ஆகாது. நேரம் வீணாகும். அதனால், பைபாஸ் ஓரத்துப் பழைய லாரிச் சாமான் சந்தையில் மனுசர் தொலைத்ததெல்லாம் கிடைக்க ஆரம்பித்த அந்த ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சந்தை மொத்தமும் நாற்பத்தேழாம் நம்பர் கடைக்கு ஓடியபோது, அவர் மட்டும் தன்னுடைய நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் கடையில் கிராங்க் ஷாஃப்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஓடுகிறவர்களைப் பார்த்து, "செருப்புத் தேயும்" என்றார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதில் பாதி அதோடு முடிந்தது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சந்தையில் இருநூற்றுப் பன்னிரண்டு கடை. ஓடி ஓய்ந்த லாரியைக் கொண்டுவந்து பிரிப்பார்கள். கதவு ஒரு கடைக்குப் போகும், கண்ணாடி ஒரு கடைக்குப் போகும், பல்சக்கரம் ஒரு கடைக்கு, ஹார்ன் ஒரு கடைக்கு, ஓட்டினவன் டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படம்கூட ஒரு கடைக்குப் போகும். அங்கே ஒரு வழக்கம். வாங்க வந்தவனுக்குப் பத்து உருப்படி காட்டுவார்கள். பத்தும் பிடிக்கவில்லையா, "இல்லீங்க, அடுத்த கடை பாருங்க" என்று கையை விரித்துவிடுவார்கள், உள்ளே நானூறு கிடந்தாலும் சரி. "பத்துக்கு மேல காட்டினா வாங்க வந்தவன் பார்க்க வந்தவன் ஆயிருவான்" என்பது சங்கத் தலைவர் ஆறுச்சாமியின் வாக்கு. அவருக்கு முந்தின தலைவரின் வாக்கும் அதுவே.

அந்தச் சந்தைக்குத்தான் பர்வீன் தேடல் சர்வர் வைக்க வந்தாள். பள்ளபட்டிக்காரி, முப்பத்தைந்து வயது, பெங்களூரில் வேலை பார்த்துச் சலித்து வந்தவள். எந்தக் கடையில் எந்தச் சாமான் கிடக்கிறது என்று ஒரே இடத்தில் கேட்டால் தெரிய வேண்டும், இதுதான் வேலை. சங்க ஆபீஸ் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தாள். அதற்குள் சர்வர். கடைகளில் பில் போடும் மெஷின், செல்போனில் ஓர் ஆப், சந்தை வாசலில் தொங்கும் மின்பலகை, மூன்றையும் அந்தப் பெட்டியோடு கோத்துவிட்டாள். எதில் கேட்டாலும் கேள்வி அங்கே போகும். பட்டியல் இங்கே வரும்.

"இதுக்கு எவ்வளவு?" என்றார் தலைவர்.

"சர்வருக்கு விலை கிடையாதுங்க. எங்கெங்கயோ இருக்கறவங்க சேர்ந்து எழுதி, உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணா பாத்துக்கங்கன்னு தொறந்து போட்டிருக்காங்க."

"சும்மாவா?"

"சும்மாதாங்க."

"எதுக்கு?"

பர்வீன் விளக்கிப் பார்த்தாள். தலைவருக்குப் புரியவில்லை. பின்னால் நடந்த அதிசயம் எல்லாவற்றையும்விட அவருக்குக் கடைசிவரை அதிசயமாக இருந்தது இதுதான்.

நான்கு மாதம் கடை கடையாகச் சாமான்களை ஏற்றினாள். ஒரு புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று போட்டிருக்குமே, அப்படி சர்வர் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, அது எந்தக் கடை, எந்தத் தட்டு என்று எழுதி வைத்துக்கொண்டது. கேட்கிற சொல் கூடக்கூட, எல்லாச் சொல்லும் பொருந்துகிற சாமான் மட்டும் நிற்கும், பட்டியல் இளைக்கும். ஆனால் முதல்நாள் "போல்ட்" என்று தட்டினால் நாலாயிரம் வந்தது.

"மொதல்ல பத்து, அப்புறம் அடுத்த பத்துன்னு பக்கம் பொரட்டற மாதிரி வெச்சரட்டுங்களா?" என்றாள்.

"பக்கமெல்லாம் பொரட்டப்படாது அம்மிணி. பத்தோட நிறுத்து."

"ஒரே ஒரு எண்ணுதாங்க, மாத்தறது சுலபம்."

"சுலபம்னு மாத்துனா சந்தையே மாறிப் போயிரும்."

பொதுக்குழு கூடியது. இருநூற்றுப் பன்னிரண்டு கையும் தூக்கியது. மொத்தம் எத்தனை என்பதைக் காட்டலாம். கண்ணில் விழுவது பத்து. அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆந்திரா லோடு அடித்துவிட்டு வந்த ஒரு டிரைவர், ரேடியேட்டர் தேட ஆப்பைத் திறந்தவர், கண் எரிச்சலில், விளையாட்டாக, "என் தூக்கம்" என்று தட்டினார். பதில் வந்தது. கடை நாற்பத்தேழு. மூன்றாம் தட்டு. ஸ்டார்ட்டர் மோட்டார்களுக்குப் பின்னால். இருப்பு ஒன்று. போய்ப் பார்த்தால் இருந்தது. மடித்த கம்பளி அளவு, ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ், மற்றபடி சேதமில்லை. டிரைவர் அதை உதறி, கேபினில் விரித்து, இரண்டு நாள் தூங்கி, வியாழக்கிழமை எழுந்து ரேடியேட்டரை வாங்கிக்கொண்டு போனார். நாற்பத்தேழாம் கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "அதுக்குப் பின்னால இன்னும் நாலு கெடக்குது, ஆளுங்களை வரச் சொல்லுங்க, தட்டை அடைக்குது."

ஏன் இப்படி என்று சந்தையில் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் என்ன இருக்கிறது. தொலைந்த எதுவும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பழைய சாமான் சந்தைக்குத்தான் வந்து சேரும். இத்தனை நாள் கேட்கத் தெரியவில்லை, இப்போது கேட்கிறார்கள், கிடைக்கிறது. பர்வீன் மட்டும் மூன்று நாள் சர்வருக்குள் குடைந்து பார்த்தாள். அவள் ஏற்றாத சரக்கு, அவள் போட்ட கட்டங்களிலேயே, அவளைவிட ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. பெயர், அளவு, நிலை, தொலைந்த விதம். யாருடையது என்ற கட்டம் மட்டும் இல்லை. நாலாம் நாள் குடைவதை விட்டுவிட்டாள்.

பிறகு ஜனம் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து பொறுமையைத் தேடி ஒரு வாத்தியார் வந்து, கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவில் அதைக் கண்டெடுத்து, கிடைத்த சந்தோசத்தில் ஆட்டோக்காரனோடு சண்டை போட்டு, அங்கேயே மறுபடி தொலைத்துவிட்டுப் போனார். பசியைத் தேடி ஒரு பணக்காரர் வந்தார். எண்பதாம் கடையில் டீசல் டேங்குக்குள் இருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் பதினாறு போண்டா தின்றார். கரைவேட்டி ஒன்று வந்து "வாக்குறுதி" என்று தட்டிப் பார்த்து, மொத்தம் என்ற இடத்தில் வந்த எண்ணைப் பார்த்ததும் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டீ குடிக்க வந்தது போல நடந்தது. சங்கம் ஒரு தகரப் பலகை மாட்டியது: தொலைந்த சாமானைத் தொலைத்தவரே தூக்க வேண்டும். கடைக்குள் பிரித்துப் பார்க்கக் கூடாது. அழுகை தேடுவோர் துண்டு கொண்டு வரவும். இருநூற்று மூன்றாம் கடைக்காரர், தன் கடையில் ஒன்பது பேருடைய மானம் கிடப்பதாகவும் ஒருத்தரும் எடுக்க வரவில்லை என்றும் மாதா மாதம் மனு கொடுத்தார். ஐப்பசிக்குள் எல்லாம் பழகிவிட்டது. கியர் பாக்ஸ் கேட்கிறவனும் தூக்கம் கேட்கிறவனும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

குழந்தைசாமி அந்த வரிசையில் போய் நின்றது ஒரு திங்கள்கிழமை. சந்தை திரும்பிப் பார்த்தது.

விஷயம் இதுதான். அவர் சம்சாரம் நாச்சம்மாள் பதினோரு வருசமாகச் சிரிப்பதில்லை. கோபமா என்றால் இல்லை. சமைப்பாள், கடைக்குச் சோறு கொண்டு வருவாள், ஊர் வம்பு பேசுவாள், அவரை வாங்கு வாங்கென்று வாங்குவாள். சிரிப்பு மட்டும் வராது. ஓசூரிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் நாச்சம்மாள் டிக்கெட் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பஸ்.

"எப்ப வருவே?" என்றார் குழந்தைசாமி.

"எதுக்கு வரணும்? உங்களுக்குச் சோறு வடிக்கக் குக்கர் இருக்குது. அதுவாச்சும் மூணு தடவை விசில் அடிக்கும். நானு அதுவுமில்ல."

குழந்தைசாமி ராத்திரி முழுக்க யோசிக்கிற ஆள் இல்லை. காலையில் யோசித்தார், அரை நிமிசம். தொலைந்ததை எடுத்துக் கையில் கொடுத்தால் இருப்பாள். ஆப்பில் "சிரிப்பு" என்று தட்டினார். மொத்தம் 1,436. கண்ணில் விழுந்தது பத்து.

பத்துக்கும் போனார். இரண்டு நாள் பிடித்தது. ஜாக்கிக்கு அடியில் ஒரு கிளீனரின் சிரிப்பு, கீச்சென்று, எலிக்குட்டி போல. கண்ணாடிக் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணின் சிரிப்பு, தொட்டால் வளையல் சத்தம். ஏர் டேங்கில் இருந்ததை அவசரத்தில் பிரித்துவிட்டார். யாரோ லாரி முதலாளியின் இருமல் சிரிப்பு, வெளியே வந்து அரை நாள் அந்தக் கடையைவிட்டுப் போகாமல் வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்துக் கெக்கெக்கே என்றது. தண்டம் கட்டினார். பத்தில் நாச்சம்மாளுடையது இல்லை. மறுபடி தட்டினார். அதே பத்து.

புதன்கிழமை மத்தியானம் சங்க ஆபீஸுக்குள் நுழைந்தார். வரிசையில் முப்பது பேர். நேரே பர்வீன் மேசைக்குப் போனார்.

"அவளுது இல்ல" என்றார்.

"யாருதுங்க?"

"சிரிப்பு. மீதியக் காட்டு."

பர்வீன் தலைவரைப் பார்த்தாள். ஆறுச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"குழந்தைசாமிண்ணா, நீங்களும்தான் கை தூக்குனீங்க. இன்னிக்குச் சிரிப்புக்குப் பதினொண்ணாவது காட்டினா, நாளைக்கு கியர் பாக்ஸுக்குக் காட்டச் சொல்லுவானுங்க. பத்துன்னா பத்து."

"ஒரு வழி இருக்குதுங்கய்யா" என்றாள் பர்வீன். "நீங்க ஒத்தைச் சொல்லு குடுத்திருக்கீங்க. ஒத்தைச் சொல்லுக்கு ஆயிரம் வரத்தான் செய்யும். இன்னும் சொல்லுங்க. என்ன மாதிரி சிரிப்பு? சொல்லச் சொல்லக் கொறையும். பத்துக்குள்ள வந்தா எல்லாமே தெரிஞ்சிரும்."

"சொல்லணுமா?"

"சொல்லணும்."

இதற்குப் பதிலாக அவர் ஒரு முழு லாரி இன்ஜினைத் தலையில் தூக்கியிருப்பார். வரிசை முழுக்கக் காதாக நின்றது. பெரிய திரையில் 1,436 மின்னியது.

"பொம்பளைச் சிரிப்பு" என்றார்.

பர்வீன் தட்டினாள். 702.

"நல்ல சிரிப்பு."

702.

"எல்லாத்துக்கும் நல்லன்னுதாங்க போட்டிருக்குது. அது எதையும் கழிக்காது."

"கலகலன்னு போடுங்க" என்றது வரிசை. 690. "அதுவும் எல்லாரும் அப்படித்தான்" என்றாள் பர்வீன்.

குழந்தைசாமி தொண்டையைச் செருமினார். சபை நடுவே கௌரவமாக இருக்கட்டும் என்று பார்த்தார். "அடக்கமான சிரிப்பு."

திரையில் 0.

"யாரோட சிரிப்பத் தேடறீங்க?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

நாச்சம்மாள். கையில் சோற்றுத் தூக்கு. கடையில் ஆளைக் காணோம் என்று தேடி வந்தவள். முகத்தில் ஒன்றுமில்லை. வரிசை ஒதுங்கி வழிவிட்டது. அவள் வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள்.

"பொய் சொன்னா பூஜ்யம் வருங்கய்யா" என்று பர்வீன் மெல்லச் சொல்லிவிட்டு, அடக்கத்தை அழித்தாள்.

குழந்தைசாமி திரைப் பக்கம் திரும்பினார். அப்புறம் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை; திரையைப் பார்த்தே பேசினார், அதனிடம் சண்டைக்குப் போகிறவர் போல: "குளிர்ல நின்ன வண்டி மாதிரி, ஒரே தடவையில எடுக்காது, மொதல்ல மூணு தடவ வெறுமனே இழுக்கும், சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும், பார்க்கறவனுக்கு இழுப்பு வந்திருச்சோன்னு பயமாயிரும், நாலாவதுல புடிச்சுக்கும், புடிச்சா அப்புறம் நிறுத்த முடியாது, சாவியப் பிடுங்கினாலும் ஓடும், மூக்குல ஒரு சத்தம் வரும், ஏர் பிரேக் விட்ட மாதிரி, அந்தச் சத்தத்துக்கு அவளே மறுபடி சிரிப்பா, கண்ணுல தண்ணி ஊத்தும், முந்தானையில தொடைப்பா, என்ர துண்டுலயும் தொடைப்பா, எழவு வீட்டுல வந்திருக்குது, பேங்க் மேனேஜர் முன்னால வந்திருக்குது, எங்க கல்யாணத்துல அய்யர் மந்திரம் சொல்றப்ப வந்து, எனக்குத் தாலி கட்டற கை நடுங்கிப் போச்சு, பக்கத்துல எவன் இருந்தாலும் தோள்ல அடிப்பா, எனக்கு இந்த எடது தோள் இன்னும் எறங்கித்தான் இருக்குது, பாத்துக்க."

பர்வீனின் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. 690, 214, 88, 88, 31. தோளில் அடிப்பது வந்ததும் நின்றது.

11.

"பதினொண்ணு!" என்று வரிசை கத்தியது. "தலைவரே, ஒண்ணுதானே, விட்ருங்க!"

ஆறுச்சாமிக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. துண்டால் துடைத்தார். "பத்து" என்றார்.

"அவரு கல்லுங்க" என்றான் ஒரு டிரைவர்.

"கல்லு இல்லடா, பொதுக்குழு" என்றார் தலைவர்.

"இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்குதுங்கய்யா" என்றாள் பர்வீன். "தொலைஞ்ச விதம். அது தெரிஞ்சா..."

குழந்தைசாமிக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல்தான் இத்தனை சுற்றி வந்தார். வாசலைப் பார்க்காமல் சொன்னார்.

"நான்தான். கடையில ஏழு பேர் இருந்தானுங்க. சேலத்துக்காரன் ஆயில்ல வழுக்கி விழுந்தான். இவ சிரிச்சா. யாவாரம் போயிருமேன்னு, என்ன இளிப்பு, வாய மூடுன்னு சொன்னேன். ஏழு பேரு முன்னால. மூடிட்டா."

பர்வீன் தட்டினாள். 1.

அவள் வாசித்தாள். "கடை நூத்திப் பன்னண்டு. மேசைக்கு அடியில. சாக்கு சுத்தினது. இருப்பு ஒண்ணு."

குழந்தைசாமிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ர கடையிலயா? மேசைக்கடியில ஒரே ஒரு சாக்குப் பொட்டணந்தான் கெடக்குது! அது உடைஞ்ச கவுன்ட்டர் வெயிட்டுல்ல! பதினோரு வருசமா அதும்மேலதான் கால நீட்டி உக்காந்திருக்கறேன்! மூல வியாதிக்கு இதமா இருக்குதுன்னு மழைக்காலத்துல அதும்மேலயே உக்காந்துக்கறதுடா!"

நாச்சம்மாளின் தோள் குலுங்கியது. சத்தமில்லை. மறுபடி குலுங்கியது. பக்கத்திலிருந்தவன் பயந்துபோய்த் தூக்கைக் கையில் வாங்கிக்கொண்டான். மூன்றாவது தடவை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். நாலாவதில் பிடித்துக்கொண்டது.

சங்க ஆபீஸ் ஓடு அதிர்ந்தது. ஏர் பிரேக் விட்டது. அதற்கு அவளே மறுபடி சிரித்தாள், கண்ணில் ஊற்றியது, உள்ளே வந்து தலைவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். ஆறுச்சாமி அடியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது பேரும் சிரித்தார்கள். குழந்தைசாமி தன் துண்டை நீட்டினார். அவள் மூக்கைச் சிந்தித் திருப்பிக் கொடுத்தாள்.

திரையில் எண் மாறியிருந்தது. இருப்பு பூஜ்யம்.

அந்த சர்வருக்கு வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது. கேட்டது இல்லையென்றால், அதற்கு நெருக்கமானதைக் காட்டும்படி பர்வீன் ஆரம்பத்திலேயே செய்து வைத்திருந்தாள். பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வரி வந்தது. அவள் வாசித்தாள், வாசித்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

"கேட்டது இல்லை. பக்கத்தில் இருப்பது: சிரிப்பு. ஆண். கடை நூத்திப் பன்னண்டு, பரண்மேல். கம்பெனி அட்டைப்பெட்டி. சீல் பிரிக்காதது. நிலை: புதுசு."

"புதுசா?" ஆறுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். "நம்ம சந்தையிலயா? முப்பது வருசத்துல ஒரு புதுச் சாமான் உள்ள வந்ததில்லையே!"

வரிசை மொத்தமும் குழந்தைசாமியைத் திரும்பிப் பார்த்தது. அவர் காது சிவந்தது.

"அது ஓடாது" என்றார். "நான் பொறந்த வருசம், அறுபத்தாறு மாடல். பெட்டியிலயே துருப்புடிச்சிருக்கும்."

"பெட்டியப் பிரிக்காம எப்படித் தெரியும்?" என்றாள் நாச்சம்மாள்.

"ஏணி இல்ல."

"நானு புடிச்சுக்கறேன், ஏறுங்க. எறக்கிக் குடுங்க. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம். ஓடுச்சுன்னா வெள்ளிக்கிழமை பஸ்ஸப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

குழந்தைசாமிக்கு அன்றைக்குள்ள பேச்சு தீர்ந்திருந்தது. எதிர்க் கடையில் ஏணி இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, இறங்கின இடது தோளில்தான், விறுவிறுவென்று நடந்தார். பின்னால் நாச்சம்மாள், அவளுக்குப் பின்னால் முப்பது பேர், கியர் பாக்ஸ் வாங்க வந்தவன் உள்பட.